28 இன்ச் பழைய சைக்கிளுக்கு எந்த ஹப் மோட்டார், வீலை மாற்றணுமா?

கோரிமேட்டான்:

வணக்கம். சேலம்தான். கோரிமேட்டிலிருந்து சூரமங்கலம் பக்கம் வேலை, ஒரு பக்கம் 8 கி.மீ. சொச்சம். வீட்டில் அப்பாவின் 28 இன்ச் பெரிய சைக்கிள் நிற்கிறது. கம்பி பிரேக், டைனமோ, அரிசி மூட்டையே தாங்கும் கேரியர், நான் குரங்கு பெடல் போட்டுப் பழகிய அதே வண்டி. அதில் ஹப் மோட்டார் (வீலின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்) போட்டு வேலைக்கு ஓட்டலாம் என்று ஆறு மாதமாக யோசனை, இந்த மாதம் போனஸ் வந்ததும் யோசனை முற்றிவிட்டது.

விசாரித்த இடத்தில் எல்லாம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆன்லைனில் ஒரே 36 வோல்ட் 250 வாட் கியர் மோட்டாருக்கு 201, 260, 328 என்று மூன்று ஆர்.பி.எம். போட்டிருக்கிறது, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதிகமாக இருப்பதுதானே நல்லது என்று நான் 328-ஐ எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கட்டவில்லை. ஒரு கடைக்காரர் "வாட்டைப் பாருங்க சார், ஆர்.பி.எம். எல்லாம் சும்மா" என்கிறார். இன்னொருவர் வீலை 26 ஆக்கச் சொல்கிறார். ஆபீஸ் தம்பி ஒருவன் 20 இன்ச் மடக்கு சைக்கிள் வாங்கி அதில் போடுங்கண்ணா, மேட்டில் பிய்த்துக்கொண்டு போகும் என்கிறான். சின்ன வீல் என்றால் வேகம் குறையாதா?

நான் 82 கிலோ. சைக்கிள், மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்தால் மொத்தம் 110 கிலோ வரும் என்று கணக்கு. போகும்போது சுலபம், வரும்போது லேசான ஏற்றம், நடுவில் மேம்பாலம். அப்புறம் ஒரே ஓர் ஆசை: என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே ஏற்காடு. சிரிக்க வேண்டாம்.


எழுபத்தஞ்சு சிசி:

48 வோல்ட் 350 வாட் போட்டு முடிங்க பாஸ், இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை.


வைண்டிங் கடை:

தம்பி, முதலில் அந்த 328-ஐ எடுத்துக் கீழே வையுங்கள். மேலே ஒருவர் 350 வாட் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், அவருக்கு அப்புறம் வருகிறேன்.

ஆர்.பி.எம். என்று கடைக்காரர் எழுதுவது வீலைத் தூக்கி வைத்து, சுமை ஏதும் இல்லாமல், சொன்ன வோல்ட்டைக் கொடுத்தால் மோட்டார் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற எண். ஆள் ஏறி உட்கார்ந்து தார் ரோட்டில் போகும்போது அது முக்கால் பங்கு, அதற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் நிற்கும். நல்ல மோட்டாரும் அந்த இடத்தில்தான் மின்சாரத்தை ஒழுங்காகச் சக்தியாக்கும், சுமார் 80 சதவீதம். அதற்குக் கீழே வேகம் இறங்க இறங்க பேட்டரியிலிருந்து போவது பாதி சூடாகத்தான் போகும்.

இப்போது உங்கள் வீலுக்கு வருவோம். 28×1½ டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.23 மீட்டர் ஓடும். மணிக்கு 25 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 417 மீட்டர். வகுத்தால் 187 சுற்று. ஓடும்போது 187 வேண்டுமானால் சுமையில்லாத கணக்கில் 240 பக்கம் இருக்க வேண்டும். 26 இன்ச் வீல் சுற்றுக்கு 2.05 மீட்டர், 203 சுற்று, அதற்குக் கச்சிதமாக உட்காருவது 260. 20 இன்ச் வீல் 1.51 மீட்டர்தான் ஓடும், 276 சுற்று வேண்டும், அதற்குத்தான் 328. ஆக உங்கள் ஆபீஸ் தம்பி சொன்ன சைக்கிளுக்கு உரிய மோட்டாரை நீங்கள் அப்பா சைக்கிளுக்கு எடுத்து வைத்திருக்கிறீர்கள். 28 இன்ச்சில் 328 போட்டால் தூக்கி வைத்துச் சுற்றும்போது மீட்டரில் 44 காட்டும், பார்க்க ஜோராக இருக்கும், வீடியோ எடுத்துப் போடலாம். ரோட்டில் அந்த மோட்டார் தனக்கு வசதியான வேகத்துக்கு ஒருநாளும் போகாது, மேம்பாலத்தில் 12-க்கு இறங்கினால் நிமிடத்துக்கு 90 சுற்று, அதாவது கால் பங்கு. அங்கே அது மோட்டார் இல்லை, அடுப்பு.

சின்ன வீல் என்றால் வேகம் குறையாதா என்றீர்கள். அதே மோட்டாரை வைத்தால் குறையும், வீலுக்கு ஏற்ற ஆர்.பி.எம். வைத்தால் குறையாது.

இனி 350 வாட் நண்பருக்கு. வாட் என்பது மோட்டாரின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர். பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்பதைத் தீர்மானிப்பது கன்ட்ரோலர். 36 வோல்ட், 15 ஆம்ப் கன்ட்ரோலர் என்றால் 540 வாட் உள்ளே போகும், மோட்டார் மேலே 250 என்று எழுதியிருந்தாலும். என் கடைக்கு வரும் எரிந்த மோட்டார் எல்லாம் ஸ்டிக்கர் அழியாமல்தான் வருகிறது. சமதரையில் 25-ல் போக உங்கள் எடைக்கு 180, 200 வாட் போதும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து கொடுக்கும் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் 25-க்குள்ளும் இருக்கிறது என்று சோதனை நிறுவனம் சான்று கொடுத்த வண்டிக்குத்தான் நம்பர் பிளேட், லைசன்ஸ் வேண்டாம். 350 வாட்டும் 40 கி.மீ. வேகமும் வந்தால் அது சைக்கிள் இல்லை, விபத்து என்று ஒன்று நடக்கும் நாளில் அது யாருக்காவது நினைவுக்கு வரும்.


எழுபத்தஞ்சு சிசி:

சரிங்கண்ணே, வாயை மூடிக்கிட்டேன். ஆனா 201 போட்டா மேட்டில் இன்னும் சூடு குறையுமே, அதை ஏன் சொல்லல?


வைண்டிங் கடை:

நல்ல கேள்வி, இதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள், நானும் பல வருடம் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

201-ம் 328-ம் ஒரே கூடு, ஒரே காந்தம், உள்ளே போன செம்பும் ஒரே எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 201-ல் மெல்லிய கம்பியில் சுற்று அதிகம், 328-ல் தடித்த கம்பியில் சுற்று குறைவு. 201 குறைந்த ஆம்பில் அதே இழுவையைக் கொடுக்கும், உண்மை. ஆனால் கம்பி மெல்லியது, நீளமானது, தடை அதிகம். பெருக்கிப் பார்த்தால் அதே இழுவைக்கு அதே சூடு. வைண்டிங்கை, அதாவது இந்தக் கம்பிச் சுற்றை, மாற்றி மேட்டை ஏமாற்ற முடியாது. முன்னே 328-ஐ அடுப்பு என்றது, முழு த்ராட்டிலில் அது கூடுதல் ஆம்பை இழுத்துக்கொள்ளும் என்பதால். வைண்டிங் உங்கள் வேகத்துக்கும் வோல்ட்டுக்கும் பொருத்தம் பார்ப்பது மட்டும்தான்.

மேட்டில் சூட்டைக் குறைப்பது வீல். இங்கே வீல்தான் கியர். 110 கிலோ, நூற்றுக்குப் பத்து ஏற்றம் என்றால் வண்டியைத் தள்ள சுமார் 116 நியூட்டன் வேண்டும், நீங்கள் பெடலே மிதிக்காமல் உட்கார்ந்திருந்தால். 28 இன்ச்சில் அதற்கு மோட்டார் 41 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்க வேண்டும். 26-ல் 38. 20-ல் 28 போதும். செம்பில் வரும் சூடு முறுக்கின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே அதே மோட்டார் 20 இன்ச்சில் அதே மேட்டில் பாதிக்கும் குறைவான சூட்டில் போகும். ஆபீஸ் தம்பி சொன்னது இந்த விஷயத்தில் சரி, அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை:

ஏற்காடு என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் போனேன். அதாவது போக ஆரம்பித்தேன்.

26 இன்ச் சைக்கிள், 250 வாட் கியர் ஹப், 328-தான், 15 ஆம்ப் கன்ட்ரோலர், 36 வோல்ட் 10 ஆம்பியர் மணி பேட்டரி. கிளம்புமுன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் வீட்டிலேயே படுத்திருப்பேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். 110 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 360 வாட் மணி வேண்டும். பேட்டரியில் மொத்தம் இருப்பதே 36 பெருக்கல் 10, அதே 360. மோட்டாரின் இழப்பு, கன்ட்ரோலரின் இழப்பு, டயர், காற்று எதற்கும் ஒரு சொட்டு மிச்சம் இல்லை. பெடலில் நீங்கள் போடும் உழைப்புதான் மிச்சம்.

ஆனால் பேட்டரி தீர்வதற்கு முன்பே கதை முடிந்தது. மொத்தம் இருபது கொண்டை ஊசி, நான் ஏழாவதில். வேகம் 9, 10-க்கு மேல் போகவில்லை, நான் த்ராட்டிலை முழுக்கத் திருகியபடி வைத்திருந்தேன், காலுக்கு ஓய்வு என்று பெடலையும் விட்டுவிட்டேன். முதலில் ஹப்பிலிருந்து கிர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் வார்னிஷ் கருகும் வாடை. மடத்தனமாக நடுநடுவே இறங்கி ஹப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், வெளியே வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, அதை நம்பினேன். கியர் மோட்டாரில் சுருளும் காந்தமும் உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கின்றன, வெளிக்கூட்டுக்கும் அதற்கும் நடுவே காற்று. உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போது வெளியே கைக்குத் தெரியாது. பிரித்தபோது நைலான் பல்சக்கரம் மூன்றில் ஒன்றின் பல் வழித்து எடுத்த மாதிரி இருந்தது, மோட்டார் சுழல்வதைக் கவனித்துச் சொல்லும் ஹால் சென்சார் இரண்டு போயிருந்தன. அங்கிருந்து சைக்கிளைத் திருப்பி இறக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் வந்த பிள்ளைகள் கை காட்டின, நானும் காட்டினேன்.

கோரிமேட்டாருக்கு என் யோசனை: தினசரி வேலைக்கு மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். ஏற்காட்டுக்காகத் தேர்ந்தெடுத்தால் இரண்டுக்கும் உதவாத ஒன்று வந்து சேரும்.


வேளச்சேரி மடக்கு:

20 இன்ச் ஓட்டுகிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. மூன்று வருடமாக மடக்கு சைக்கிளில் பின் வீலில் கியர் ஹப், 328 ஆர்.பி.எம். சமதரையில் 23, 24 போகும், பாலம் ஏறும்போது மூச்சே வாங்காது, மேலே சொன்ன கணக்கெல்லாம் என் அனுபவத்தில் அப்படியே பொருந்துகிறது. லிஃப்டில் ஏற்றலாம், மின்சார ரயிலில் மடக்கி ஓரமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பள்ளம். இதை யாரும் சொல்லவில்லை. 28 இன்ச் வீல் மேலே மிதந்து போகும் பள்ளத்தில் 20 இன்ச் வீல் இறங்கி, நின்று, யோசித்துத்தான் ஏறும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஆழம் தெரியாமல் விட்டு ஒருமுறை ஹேண்டில் பார் நெஞ்சில் இடித்திருக்கிறது. 1.75 டயரைக் கழற்றிவிட்டு 2.125 போட்டு, காற்றை 35, 40 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கிய பிறகுதான் இடுப்பு நிம்மதி. ஸ்போக்ஸும் உடையும். ஹப் பெரிசு, ரிம் சின்னது, நடுவே கம்பி விரல் நீளம்தான், அதைக் குறுக்கே பின்னினால் ரிம்மின் நிப்பிள் துளையில் சாய்வாக வளைந்து நிற்கும், அந்த வளைவில்தான் ஒடியும். எனக்கு முதல் வருடத்தில் நான்கு ஒடிந்தன. அப்புறம் ஒரு பெரியவர் பிரித்து ஒற்றைக் குறுக்கில், அதாவது ஒரு கம்பி இன்னொன்றை ஒரே முறை தாண்டும்படி, கட்டிக் கொடுத்தார், அதற்கப்புறம் ஒன்றும் ஒடியவில்லை.

சேலத்து ரோடு எப்படி என்று எனக்குத் தெரியாது, 82 கிலோ என்றீர்கள், அதற்காகச் சொன்னேன்.


கோரிமேட்டான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 328-ஐ எடுத்துவிட்டேன். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் கதையைப் படித்துவிட்டு ஏற்காட்டையும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, நான் ஏறி உட்கார, மனைவி பின்னால் பிடித்துக்கொள்ள, ஒரு சுற்று உருட்டி டேப் வைத்து அளந்தேன். 2 மீட்டர் 21 சென்டி. ஆக 28 இன்ச்சிலேயே இருந்து, 240 ஆர்.பி.எம். பக்கம் தேடினால் சரியா? அந்த எண்ணில் யாரும் விற்பதாகத் தெரியவில்லை, 201 அல்லது 260-தான். 260 எடுத்துக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் போகாதா? மோட்டாரை முன் வீலில் போடலாம் என்று நினைக்கிறேன், பின்னால் செயின், பிரீவீல் எதையும் தொட வேண்டாம் பாருங்கள். சைக்கிள் கடைக்குப் போய் இந்த ரிம்மிலேயே மோட்டாரை வைத்துக் கட்டிக் கொடுப்பீர்களா என்று கேட்கப் போகிறேன்.


கோட்டம் எடுப்பவன்:

கடைக்குப் போகுமுன் முன் வீலில் உள்ள ஸ்போக்ஸை எண்ணிப் பாருங்கள். 32 இருக்கும். பின்னால் 40. நம் ஊர்ப் பெரிய சைக்கிள் எல்லாம் அந்தக் காலத்து இங்கிலாந்துக் கணக்கு, முன்னால் 32, பின்னால் 40. நீங்கள் வாங்கப் போகும் ஹப் மோட்டாரில் 36 துளை. முன் ரிம்மும் சேராது, பின் ரிம்மும் சேராது. துளையை விட்டு விட்டுக் கட்டிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொல்வார்கள், சும்மா ஓடும் வீலுக்கே அது தாங்காது, உள்ளிருந்து முறுக்கும் வீலுக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, 36 துளை ரிம் வாங்கலாம் என்றால் 28×1½ அளவில், ரிம் விட்டம் 635, நான் கடை வைத்த நாளிலிருந்து 36 துளையில் பார்த்ததில்லை. 700சி ரிம் கிடைக்கும், அதன் விட்டம் 622, பக்கத்துக்கு ஆறரை மில்லிதான் வித்தியாசம், வண்டி நிற்கும் உயரம் மாறாது, பார்வைக்கும் கெடாது. ஆனால் உங்கள் கம்பி பிரேக் ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பது இல்லை, அடியிலிருந்து மேலே இழுத்து ரிம்மின் உள்பக்க வளைவில் அழுத்துவது. அந்த வளைவு உள்ள ரிம்முக்கென்றே செய்த கட்டை அது. 700சி அலாய் ரிம்மில் அதற்கு உட்கார இடம் இல்லை. 26 போட்டால் இன்னும் மோசம், ரிம் 559, கட்டை 38 மில்லி எட்டாமல் நிற்கும். ஆக முன் பிரேக்கே இல்லாமல் முன்னால் மோட்டார். செய்யாதீர்கள்.

ஃபோர்க் விஷயம் வேறு. ஹப் மோட்டார் ஆக்சில் 12 மில்லி, இரண்டு பக்கம் சீவி 10 மில்லி. உங்கள் ஃபோர்க் காலில் உள்ள காடி 8 மில்லி ஆக்சிலுக்கு வெட்டியது. அரம் போட்டு அகலப்படுத்தலாம், இரண்டு காலுக்கும் நடுவே 100 மில்லி வேண்டும், பழைய வண்டிகளில் அதைவிடக் குறைவாக இருக்கும், ஸ்டீல் என்பதால் விரித்தும் விடலாம். எல்லாம் முடியும். ஆனால் ரிம் புதுசு, டயர் புதுசு, பிரேக் புதுசு, ஃபோர்க்கில் அரம். கடைசியில் அப்பா சைக்கிளில் அப்பா சைக்கிள் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யோசியுங்கள்.

வீட்டில் பழைய 26 இன்ச் ஏதாவது கிடக்கிறதா? கியர் வைத்ததோ இல்லாததோ, ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கும் வி-பிரேக் இருந்தால் போதும். அதில் எல்லாம் பெரும்பாலும் 36 துளைதான்.


செவ்வாய்ப்பேட்டை:

இவர் சொன்னதைக் கேளுங்கள். என் வண்டியில் முதலில் முன்னால்தான் போட்டேன், ஷாக் அப்சார்பர் ஃபோர்க், அலாய் கால். மோட்டார் இழுக்கும்போது ஆக்சில் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும், அலாய் காடி நெகிழ்ந்துகொடுக்காது, நேராக உடையும். எனக்கு உடையவில்லை, காடி ஓரத்தில் மயிரிழை விரிசல் கண்ணில் பட்டதும் பின்னால் மாற்றினேன். கண்ணில் படாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசித்தாலும் பல் கூசுகிறது.


கோரிமேட்டான்:

எண்ணினேன். 32, 40. ஒன்று கூடக் குறையவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன், ரிம் மாற்றணும், பிரேக் மாற்றணும், ஃபோர்க்கை லேசாக அரம் போடணும் என்று. அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து "அதைத் தொடாதே" என்றார். அவ்வளவுதான். இன்று காலையில் பார்த்தால் செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு டயரிலும் காற்று அடித்து, டீக்கடைக்கு அதில்தான் போயிருக்கிறார். எத்தனையோ வருடம் கழித்து.

ஆக 26. ஓமலூரில் மாமா வீட்டு மாடியில் நான் கல்லூரியில் ஓட்டிய வண்டி துருப்பிடித்துக் கிடக்கிறது, ஸ்டீல் ஃபிரேம், முன்னால் ஷாக் அப்சார்பர், வி-பிரேக், பின்னால் ஆறு கியர். மாமாவை வீடியோ காலில் வைத்து எண்ணச் சொன்னேன், 36. பின் வீல் இருக்கும் இடத்தையும் ஸ்கேலில் அளக்கச் சொன்னேன், 135 மில்லி. முன்னால் ஷாக் அப்சார்பர் என்பதால் பின்னால்தான் போடப் போகிறேன்.

36 வோல்ட், 250 வாட் கியர் ஹப், 260 ஆர்.பி.எம்., பின் வீல், திருகு பிரீவீல் மாட்டும் வகை. இந்த முறை யாராவது தடுப்பதானால் பணம் கட்டுமுன் தடுக்கவும். கியர் இல்லாத டைரக்ட் ஹப் என்று ஒன்று இருக்கிறதே, அதில் இறக்கத்தில் சார்ஜ் ஏறும் என்கிறார்களே, அது வேண்டாமா?


வைண்டிங் கடை:

தடுக்கவில்லை, கட்டுங்கள்.

டைரக்ட் ஹப் நல்ல ஜாதிதான், உள்ளே தேயும் பல்சக்கரம் கிடையாது, பத்து வருடம் சத்தம் இல்லாமல் ஓடும். ஆனால் எடை இரண்டு மடங்கு, பேட்டரி தீர்ந்து மிதித்தால் காந்தம் பிடித்து இழுக்கும், மணலில் மிதிப்பது போல. கியர் ஹப்பில் உள்ளே ஒரு கிளட்ச் இருக்கிறது, மிதிக்கும்போது மோட்டார் இருப்பதே தெரியாது. அதே கிளட்ச்சால்தான் அதில் சார்ஜ் திருப்பி ஏற்ற முடியாது. ஊருக்குள் 8 கி.மீ. ஓடுகிறவருக்குத் திரும்பி வரும் சார்ஜ் ஒரு கிலோமீட்டர் தாங்கினால் அதிகம். அதற்காக மூன்று கிலோ கூடுதலாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

பேட்டரி 36 வோல்ட் 10 ஆம்பியர் மணி லித்தியம் போதும், கிலோமீட்டருக்கு 12 வாட் மணி என்று வைத்தாலும் போக வர 200-க்குள் முடியும். மூன்று லெட் ஆசிட் பேட்டரியைக் கட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். எடை அதிகம், அதுவும் ஒரே மூச்சில் இழுத்தால் எழுதியிருக்கும் ஆம்பியரில் பாதிதான் கையில் வரும்.

பெட்டி வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீலைத் தூக்கி வைத்து, ஒரு ஸ்போக்கில் சிவப்புத் துணி கட்டி, முழு த்ராட்டிலில் ஃபோனில் மெதுவோட்ட வீடியோ எடுத்து ஒரு வினாடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். முழு சார்ஜில் பேட்டரி 42 வோல்ட் இருக்கும், அப்போது 260-க்குப் பதில் 300 பக்கம் வரும், வினாடிக்கு ஐந்து. ஆறுக்கு மேல் வந்தால் உங்களுக்கு 328-ஐ அனுப்பிவிட்டார்கள், மோட்டாரைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். ஸ்டிக்கரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று முன்னமே சொன்னேன்.


கோரிமேட்டான்:

பணம் கட்டியாச்சு. கடைசியாக ஒன்று. ஆக்சில் சுழலாமல் இருக்க டார்க் ஆர்ம் என்று தனியாக விற்கிறார்கள், எங்கள் தெருமுனை லேத் பட்டறையில் அடித்துக்கொள்ளலாமா? எத்தனை மில்லி தகடு?


கோட்டம் எடுப்பவன்:

தாராளமாக. 6 மில்லி ஸ்டீல் தகடு, 10 மில்லி காடி. காடியை 9.8-க்கு வெட்டச் சொல்லி மிச்சத்தை அரத்தில் நீங்களே எடுங்கள், கையால் தள்ளினால் நுழையக் கூடாது, சுத்தியால் லேசாகத் தட்டி ஏற வேண்டும். லேசாக ஆடினால்கூட ஒவ்வொரு முறை த்ராட்டில் கொடுக்கும்போதும் அது காடியைத் தின்றுகொண்டே இருக்கும். மறுமுனையை ஃபிரேமில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், வெல்டிங் வேண்டாம், பஞ்சர் ஆனால் வீலைக் கழற்ற முடியாமல் நிற்பீர்கள்.

ரிம் பழசு ஒற்றைச் சுவர் என்றால் டபுள் வால் ரிம் வாங்கி, 13 கேஜ் ஸ்போக்ஸில் கட்டச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆக்சில் நட்டையும் ஸ்போக்ஸையும் ஒருமுறை பாருங்கள், புது வீலில் கட்டாயம் தளர்ந்திருக்கும். ஆக்சிலிலிருந்து வரும் ஒயர் கீழே ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேலே ஏறட்டும், நேராக மேலே கட்டினால் ஐப்பசி மழைத் தண்ணீர் ஒயர் வழியே வழிந்து ஹப்புக்குள் போய்விடும்.

ஓமலூரிலிருந்து வண்டி வந்ததும் அந்த ஆறு கியரைக் கழற்றிவிடாதீர்கள், கோரிமேட்டு ஏற்றத்துக்கு வேண்டும். அப்பா சைக்கிளின் டைனமோ எரிகிறதா?


கோரிமேட்டான்:

எரிகிறது. நேற்று ராத்திரி பார்த்தேன், வெளிச்சம் என் ஹெட்லைட்டைவிட அதிகம்.